மூக்கு யாருடையது

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு அந்த வாரம் வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கரைச்சல். கெட்டவர்கள் என்றால் கதவைச் சாத்தியிருப்பேன்.

எட்டாம் மாதத்தில் என் மகள் வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் மோல்ட் சத்துமாப் பெட்டியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். மேசையில் ஒரு கடையே வைத்திருக்கலாம். "உமக்கு வயசிருக்கு, அடுத்தது நல்லாப் பிறக்கும்" என்றார்கள். "வளர்த்துப் பழக முந்திப் போனது நல்லதெண்டு நினையும்" என்றார் கீழ்மாடி அன்ரி. நல்லதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம் அன்ரி" என்றேன். என் மனம் நோகக்கூடாதென்று, நான் வீட்டுக்கு வருமுன்பே மாமி குட்டிச் சட்டைகளையெல்லாம் எங்கோ ஒளித்துவிட்டார். கணவரோ வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையில் தந்தபோதுகூட யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றவர். இப்போது தேத்தண்ணி ஊற்றுவதும் கோப்பை கழுவுவதுமாகக் குசினியிலேயே கிடந்தார். அப்படியொரு பிள்ளை பிறக்கவேயில்லை என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தது போலிருந்தது. எனக்கோ அவளைப் பற்றி ஒருவரிடமாவது கதைக்க வேண்டும்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சாள் வந்தார், கணவரின் அக்கா. அவருடைய வாய்க்கு வீடே பயம். காலி வீதி நெரிசலையும் ஓட்டோக்காரனையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, என் கட்டிலில் ஏறி இருந்துகொண்டு கேட்டார்.

"பிள்ளையைப் பாத்தனீரா?"

மாமி பதறிப்போனார். "உனக்கென்ன விசரே? இப்ப ஏன் அந்தக் கதை?"

"அம்மா, நான் உங்களையா கேட்டனான்? நீர் சொல்லும்."

"ஓம் மச்சாள். கொஞ்ச நேரம் கையில தந்தவை."

"ஆரைப் போல?"

அதுவரை அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சொல்லத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. தலை நிறைய முடி என்றேன். விரல்கள் நல்ல நீளம் என்றேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மச்சாள் "அழாதையும்" என்று சொல்லவில்லை. கதையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"மூக்கு அப்பிடியே இவரின்ர மூக்கு, மச்சாள்" என்றேன்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கணவர் ஈரக் கையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"இல்லையக்கா" என்றார். "மூக்கு இவளின்ர. நான் வடிவாப் பாத்தனான்."