முழங்கால் உயரப் படிகள்

வட்டவடையில் புதர் மண்டிக் கிடந்த சரிவை வெட்டித் தட்டுத் தட்டாகப் பூண்டு வயல் ஆக்கியவன் நான். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், மூட்டை சுமந்தே ஜீப் வாங்கினேன். இரண்டு மகன்களைப் படிக்க வைத்தேன். விளையும் மண் வீணாகக் கூடாது என்று சரிவின் உச்சியில் வீடு கட்டினேன். ஏறிவர ஐம்பது படி வேண்டும் என்றார் கொத்தனார். ஒவ்வொன்றையும் முழங்கால் உயரத்துக்கு வைத்து முப்பத்திரண்டில் முடித்தேன். கல் மிச்சம். அந்தப் படிகள்தான் இன்று என்னை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கின்றன.

என்னோடு கல் சுமந்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். ஐம்பது வயதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூணாறு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். பூண்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அவரைக் கேலி செய்தேன். வயலில் குனிந்து நிமிர்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்டேன். அதற்காக அவர் எழுவதை விடவில்லை.

எழுபதைத் தாண்டியதும் என் முழங்கால் வீங்கியது. உழைத்த உடம்புக்கு ஓய்வுதான் மருந்து என்று நானே முடிவு செய்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். மழை விட்டபோது வலி அப்படியே இருந்தது, தொடைதான் வற்றிப் போயிருந்தது. முதல் படியில் கால் வைத்ததும் முட்டி மடங்கியது. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து வீட்டுக்குள் வந்தேன். கீழே என் வயலில் பூண்டு பிடுங்குகிறவர்களின் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றார்கள் மகன்கள். பிணம்தான் அப்படி இறங்கும் என்றேன்.

மறுநாள் மச்சான் கம்பு கூட இல்லாமல் ஏறி வந்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

"கைய ஊனாம எந்திரியும் மாப்ள. ஊர்க் கல்லெல்லாம் சொமந்தீரு, ஒம்ம ஒடம்ப சொமக்க முடியலியோ?"

அன்று ஒரு முறைகூட முடியவில்லை. நான் தொப்பென்று விழுந்தபோதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான்கு மாதமாகத் தினமும் வருகிறார். இப்போது பத்து முறை எழுகிறேன். படியில் ஒன்பது வரை இறங்கிவிட்டேன். அதற்குக் கீழே கால் வர மறுக்கிறது. மச்சானோ ஜீப் நிற்கும் இடத்தில், மாப்பிள்ளையை நான்தான் இறக்கினேன் என்று சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும், பொய்யில்லை. ஆனால் வலிக்க வலிக்க அந்த நாற்காலியை விட்டு எழுந்தவன் நான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மீதி இருபத்துமூன்று படியிலும் அவர் வாயாலேயே என்னை இறக்கிவிடட்டும்.