சேகர் சொன்னதும் நான் சொன்னதும்

காஞ்சிபுரத்தில் இருந்து நானும் பக்கத்துக் கூரம் கிராமத்துச் சேகரும் வளைகுடாவில் ஒரு ராணுவ முகாமுக்குச் சமையல் வேலைக்குப் போனோம். முகாமில் குண்டு விழுந்த நாளிலிருந்து சேகர் தூங்கவில்லை. அங்கே இருந்த மனநல டாக்டரம்மா சிப்பாய்களை மட்டும்தான் பார்ப்பார். சாப்பாடு பரிமாறும்போது அவரிடம் கெஞ்சினேன். அழைத்து வரச் சொன்னார்.

சேகருக்கு இங்கிலீஷ் வராது. அவன் சொல்வதை நான்தான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன்.

"உயிரோட இருக்கவே புடிக்கலபா. செத்துடலாம்னு தோணிக்கினே இருக்குது" என்று அழுதான்.

அப்படியே சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மா அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் சேகர் கேட்டான். "இன்னாபா, நான் அவ்ளோ சொன்னேன். நீ ரெண்டே வார்த்தையில முடிச்சிட்ட?"

"இங்கிலீஷ் அப்படித்தான்டா, சுருக்கமா இருக்கும்."

அவன் நம்பிச் சிரித்தான்.

அடுத்த வாரம் வருவதற்குள் உயிரை மாய்த்துக்கொண்டான்.

சவப்பெட்டியோடு நான்தான் ஊருக்கு வந்தேன். அவன் மனைவி கேட்டாள்: "அந்த டாக்டராண்ட மனசுவிட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

"சொன்னான்மா" என்றேன்.

 நான் என்ன சொன்னேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.