பம்பரம் கட்டிய எட்டடி விமானம்

பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். மெழுகில் பல் வரிசை செதுக்கும்போதுகூட நாற்காலியில் உட்கார மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே அறைக்கு அறை நடப்பாள்.

நிலம் அளக்கும் வேலையிலிருந்த அண்ணன் ஒருநாள் அவளிடம் அலுத்துக்கொண்டார். "ஏரி மொத்தத்தையும் மேலேயிருந்து படம் எடுக்கணும்மா. வாடகை ட்ரோன் இருபது நிமிஷத்துல சார்ஜ் தீர்ந்து இறங்கிடுது."

"இறக்கை வச்சதுன்னா ஒரு மணி நேரம் பறக்கும். நான் செஞ்சு தரேன்," என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு பேர் உட்காரும் நிஜ விமானத்தில் நாலில் ஒரு பங்கு அளவு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இறக்கை மட்டும் எட்டடி. தக்கை போல லேசான மரத்தில் எலும்புக்கூடு, வயிற்றில் கேமரா. நாலு மாதம் கூடமெல்லாம் மரத்தூள். பஸ் ஓட்டுநரான கணவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் குரல் வரும்: "என்னங்க, கையைக் கழுவிட்டு இந்த முனையைப் பிடிங்க. பசை காயிற வரைக்கும் அசையக்கூடாது." மனிதர் மூச்சுக் காட்டாமல் பிடிப்பார். பிறகு, டிப்போவில் ஆள் பற்றாக்குறை என்று, இரண்டரைக்கு வருபவர் ஐந்து மணிக்குத்தான் வர ஆரம்பித்தார்.

விமானம் முதல் தடவையே ஜம்மென்று எழும்பியது. படம்தான் காலை வாரியது. மோட்டார் அதிர்வில் கரை, மரம், எல்லாமே நெளிந்து தெரிந்தன. பஞ்சு வைத்தாள், ஸ்பாஞ்ச் வைத்தாள். மூன்று வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், பல்லுக்கு அச்சு எடுக்கிற ரப்பர் மாவைப் பிசைந்து, கேமராவைச் சுற்றி அப்பி இறுக விட்டாள்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அண்ணனோடு ஏரிக்குப் பக்கத்துத் திடலுக்குப் போனாள். விமானம் ஏரியை ஆறு சுற்றுச் சுற்றி இறங்கியது. லேப்டாப்பில் படங்களைத் திறந்தால், கரையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் கண் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது. அங்கே ஒரு ஸ்கூட்டர். கிழிந்த சீட்டில் மஞ்சள் டேப். அந்த டேப்பை ஒட்டியவளே அவள்தான். பக்கத்தில் முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு ஒருவர் மல்லாந்து கிடந்தார். எடுத்த நேரம் மூன்று பத்து.

ஐந்து மணிக்குக் கணவர் வந்ததும் படத்தை நீட்டினாள். "டிப்போ இதுதானா?"

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டு மணிக்கே டூட்டி முடிஞ்சிடும். காலையிலேருந்து ஸ்டியரிங் பிடிச்ச கை. வீட்டுக்கு வந்தா அதைப் பிடி, இதைப் பிடிங்கற. கொஞ்ச நேரம் எதையும் பிடிக்காம கிடக்கணும்னு தோணுச்சு."

சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்குச் சுருக்கென்றது. "சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு இடத்துல நின்னாத்தானே சொல்ல."

மறுநாள் அவர் இரண்டரைக்கே வந்தார். வழக்கம்போல் அவளும் அதற்குள் பட்டறையிலிருந்து திரும்பியிருந்தாள். ஒரு வேலையும் ஏவாமல் எதிரே உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பொறுத்தவர் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.

"ஏரிக்குப் போறேன். அஞ்சு மணிக்கு வந்துடுவேன்."

"போயிட்டு வாங்க," என்றவள், அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புமுன் இறக்கையைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டடி வைத்தால் இரண்டு மணி நேரம் பறக்குமோ என்று காலையிலிருந்தே அவளுக்கு ஒரு அரிப்பு.