கிதியோனும் என் ஸ்வெட்டரும்

எங்கள் சபையில் கர்த்தர் பேசாத ஆளே கிடையாது. பேக்கரிக்காரரிடம் மாவு பிசையும்போது பேசுகிறார். என் சின்ன மாமியாரிடம் பஸ் நிறுத்தத்தில் பேசுகிறார், அதுவும் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்கிற அளவுக்கு விவரமாக. லிஃப்ட் பழுது பார்க்கிற என்னிடம் மட்டும் மூச்சு விட்டதில்லை. மோசேயைப் புதருக்குள்ளிருந்து கூப்பிட்டவர், தூங்கிக்கொண்டிருந்த சாமுவேலைக்கூடப் பேர் சொல்லி எழுப்பியவர், என்னை மட்டும் மறந்துவிட்டாரே என்று எனக்கு உள்ளூர ஆற்றாமை.

தம்பி கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த ஆற்றாமை நன்றாகவே கைகொடுத்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன் அவன். இப்போது அவனுக்குப் போக்கிடம் இல்லை.

"வியாழக்கிழமை அனுப்புறாங்களாம். போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"கர்த்தர் சொல்லட்டும், பாக்கலாம்," என்றேன். பக்தியைப் பாருங்கள்! முடியாது என்று சொல்ல வாய் வராதவனுக்கு இதைவிட வசதியான சாக்கு உண்டா?

அப்போதுதான் பைபிளில் வரும் கிதியோன் ஞாபகம் வந்தது. ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, தோல் மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருந்தால் நம்புகிறேன் என்று கடவுளுக்கே நிபந்தனை போட்டவர். ஆட்டுத்தோலுக்கு நான் எங்கே போவது? என் கம்பளி ஸ்வெட்டரை மொட்டைமாடியில் விரித்தேன். அது நனைந்து தரை காய்ந்திருந்தால் தம்பியைக் கூட்டிவருகிறேன் என்று பேச்சு. பனி பெய்யாத மாதம் என்று தெரிந்துதான் பேசினேன். ஆள் அவ்வளவு விவரம்.

காலையில் போய்ப் பார்த்தால் ஸ்வெட்டர் ஈரமாகக் கைப்பிடிச் சுவரில் கிடக்கிறது. தரையில் பொட்டு ஈரமில்லை. படியிறங்கி மனைவியிடம் ஓடினேன்.

"அழுக்கா கெடந்துச்சு. துவைச்சுப் பிழிஞ்சு போட்டேன்," என்றாள் மனைவி.

அப்பாடா! மனுஷி துவைத்தது செல்லாது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை அதே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது. ஆள் மாட்டிக்கொண்ட வேலை என்றால் எப்போதும் என் கூட்டாளியைத் தள்ளிவிடுவேன். அன்று பார்த்து அவர் லீவு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன் உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேரைக் கேட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பயம் தெளியும். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன். உங்க பேர் என்ன?" என்று கத்தினேன்.

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அதற்கும் இல்லை. மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பதறிப்போய், கூப்பிட்டுக்கொண்டே லிஃப்ட் பெட்டியை மெல்லக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தேன்.

ஊன்றுகோலும் துணிப்பையுமாக மூலையில் உட்கார்ந்திருந்தான் என் தம்பி.

"ஏண்டா, அவ்வளவு கத்துறேன், வாயத் தொறக்க மாட்டியா?"

"பயப்படாதீங்கன்னு ஒரு குரல் கேட்டப்ப உயிரே வந்துச்சுண்ணே," என்றான். "அப்புறந்தான் உன் குரல்னு தெரிஞ்சுது. பேரச் சொன்னா விட்டுட்டுப் போயிடுவியோன்னு..."

இதற்கு மேலும் கர்த்தர் தனியாக வந்து சொல்லட்டும் என்று நின்றால் நான் மனுஷனா? பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் பேரைச் சொல்லி, எழுந்திரிடா என்றேன்.