சவுக்குத் தோப்பும் சர்வதேசக் கணக்கும்

உலகத்தின் காற்று கெட்டுவிட்டது என்று பணக்கார நாடுகள் கண்டுபிடித்த சமயத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தலைமுறை தலைமுறையாகப் புகைபோக்கி வைத்துப் புகைத்தவர்கள் அவர்கள். ஆனால் எங்கள் மரம் எவ்வளவு கரியைப் பிடித்து வைத்திருக்கிறது, வெட்டினால் எவ்வளவு புகையாகும், நெல் வயல் என்ன மூச்சு விடுகிறது, மாடு எத்தனை ஏப்பம் விடுகிறது என்றெல்லாம் நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குச் சர்வதேச ஒத்துழைப்பு என்று பெயர். அவர்கள் ஆலோசகர்களை அனுப்புவார்கள், நாங்கள் ஒத்துழைப்போம். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாடு, தன் ஏப்பம் வெளிநாட்டு அறிக்கையில் ஏறப்போவது தெரியாமல் போஸ்டர் தின்றுகொண்டிருந்தது.

என் பங்குக்குக் காடு வந்தது. அடையாறு காந்தி நகரில் ஒரு மாடி வீடுதான் எங்கள் அலுவலகம். அங்கே ஒரே ஓர் அறைக்கு ஏசி உண்டு. அது கம்ப்யூட்டருக்கு. சன்னிதிக்குப் போவதுபோல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்து, கம்ப்யூட்டருக்கு வீசும் குளிரில் கொஞ்சம் பிரசாதமாக வாங்கிக்கொள்வேன். அடியில் ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் செயற்கைக்கோள் எப்போதோ எடுத்த படத்தை விரித்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு, காடு இருக்கும் இடத்தைப் பேனாவால் சுற்றி வளைக்க வேண்டும். அந்தப் படத்தில் பச்சை பச்சையாகத் தெரியாது. இலை அடர்ந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. சிவப்பைக் கண்டால் காடு, அவ்வளவுதான் சூத்திரம். நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. வெளியே கத்திரி வெயில் இருந்தது. உள்ளே ஏசி இருந்தது. நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவான்மியூருக்குத் தெற்கே, நீலாங்கரைப் பக்கம், கடலை ஒட்டி, நாக்கு நீட்டியதுபோல் ஒரு நீளச் சிவப்பு தெரிந்தது. வளைத்துக் கோடு போட்டு ‘அடர்ந்த காடு’ என்று எழுதினேன். டவுன் பஸ் போகும் தூரத்தில் அடர்ந்த காடு ஒன்று இருந்தால் சினிமாக்காரன் இத்தனை நாள் விட்டு வைத்திருப்பானா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு அங்கே தனியாக ஆள் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாள் எங்கள் அலுவலக இயக்குநர் கூப்பிட்டார். பரம்பரை மயிலாப்பூர்க்காரர், கெட்ட செய்தியைக்கூடக் காப்பி சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்.

“காப்பி சாப்பிட்டியாப்பா? புதன்கிழமை வெளிநாட்டு நிபுணர் வரார். உன் படத்துல இருக்கற ஒரு காட்டையாவது நேர்ல பார்க்கணுமாம். அவர் சரின்னாத்தான் ப்ராஜெக்ட் நீளும். ப்ராஜெக்ட் நீண்டாத்தான் நீ.”

“எந்தக் காடு சார்?”

“கிட்டக்க இருக்கறதுதான். பீச்சோரமா அடர்ந்த காடுன்னு போட்டிருக்கியே! பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கேன், எனக்கே தெரியாது. ஆத்துல சொன்னேன், நம்பவே மாட்டேங்கறா.”

அவர் மனைவிக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. என்னுடையது தற்காலிக வேலை. அதை நம்பித்தான் மந்தைவெளியில் வீடு எடுத்திருந்தேன். அதை நம்பித்தான் மகளை மயிலாப்பூரில் எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். மாமனார் தி. நகரில் தெரிந்தவர்களிடமெல்லாம் “மாப்பிள்ளை உலகத்துக்கே வேலை பார்க்கிறார்” என்று சொல்லி வைத்திருந்தார். உலகம் என்னைக் கைவிட்டால் இவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் காட்டைப் பார்க்கப் போனேன். மணல் இருந்தது. கடல் இருந்தது. நடுவில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, தரையோடு வெட்டப்பட்ட அடிக்கட்டைகள் இருந்தன. ஓர் அம்மாள் உட்கார்ந்து சுள்ளிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இங்கே ஒரு காடு இருந்ததே?”

“காடா? இன்னா சார், சவுக்குத் தோப்பு சார் இது. வெட்டி லாரில ஏத்தினு போய்ட்டாங்கோ.”

“எல்லாத்தையுமா?”

“பின்ன, உனுக்கு நாலு மரம் வுட்டுட்டுப் போவாங்களா? சவுக்கு வெக்கிறதே வெட்றதுக்குத்தானே.”

“மறுபடி வச்சா, புதன்கிழமைக்குள்ளே வளருமா?”

கேட்டது நான்தான். என் குரல்தான். அவள் சுள்ளிக் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெயில் தலைக்கு ஏறிப்போச்சு நைனா. போய் நெழல்ல குந்து.”

நிழலைத் தேடினேன். அதுதானே பிரச்சினையே.

அடுத்த இரண்டு நாளும் என் மூளை செய்த வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. நிபுணருக்கு வேறொரு தோப்பைக் காட்டலாமா? காட்டில் புலி நடமாட்டம் என்று பயமுறுத்தலாமா? நீலாங்கரையில் புலி! கடைசியில் ஒரு திட்டம் உதித்தது. மயிலாப்பூர் மெஸ்ஸில் காலையில் நெய்ப்பொங்கல் தின்றவன் பத்து மணிக்குமேல் கண் திறந்து நான் பார்த்ததில்லை. வயிறு நிறையக் கொடுத்து, ஆபீஸ் அம்பாஸிடரில் ஏற்றி, அவர் தூங்கும்போதே காரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டியது. எழுந்ததும் ‘பார்த்தோமே சார், பிரமாதமான காடு’ என்று சொல்லிவிடலாம். இந்த மூளையை நம்பித்தான் உலகம் தன் காற்றை ஒப்படைத்திருந்தது.

டிரைவர் பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“பாய், வெள்ளைக்காரரைத் தூங்க வைக்கணும்.”

“தாலாட்டு பாடணுமா சார்?”

“பொங்கல் வாங்கித் தரப் போறேன்.”

“அப்ப நெய்ய தூக்கலா ஊத்தச் சொல்லு. மத்தத நம்ம வண்டி பாத்துக்கும். ஸ்பிரிங்கு அந்த மாதிரி கீது.”

புதன்கிழமை நிபுணரை தி. நகர் ஓட்டலில் ஏற்றிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனோம். நெடுநெடுவென்று உயரம், நல்ல மனிதர், நல்ல பசி. ஒரே ஒரு சங்கடம்: நான் கையை நிறுத்தினால் அவரும் மரியாதைக்குக் கையை நிறுத்திவிடுவார். ஆகவே அவரைச் சாப்பிட வைப்பதற்காக நானும் சாப்பிட வேண்டியதாயிற்று. அவருக்கு ஒரு பொங்கல் என்றால் எனக்கும் ஒன்று. அவருக்கு மேலே நெய் என்றால் எனக்கும் நெய். இரண்டு ராத்திரியாகத் தூங்காத உடம்பு வேறு. அடையாறு பாலத்தில் கார் ஏறியது நினைவிருக்கிறது.

தோளை யாரோ தட்டினார்கள். கண் விழித்தேன். நிபுணர் குனிந்து, மிகுந்த பரிவோடு, வந்துவிட்டோம் என்றார். கார் கதவு திறந்திருந்தது. வெளியே மணல், கடல், அடிக்கட்டைகள்.

“நான் இன்னா பண்ணட்டும் சார்?” என்றார் பாய் மெதுவாக. “நீ தூங்கிட்ட. அவுரு மேப்ப வெச்சிக்கினு எனக்கே வழி சொல்றாரு.”

நிபுணர் அடிக்கட்டைகளுக்கு நடுவே நடந்தார். நான் பின்னால் நடந்தேன், கசாப்புக்காரனுக்குப் பின்னால் போகும் ஆட்டைப்போல. ஒரு கட்டையின்மேல் காலை வைத்து, பையிலிருந்து தடித்த விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு என் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சரிதான் என்றார். காடுதான் என்றார். வெட்டியபின் மறுபடி மரம் வைக்கப்போகும் நிலம், விதிப்படி, தற்காலிகமாக மரம் இல்லாத காடு. காடு என்பதற்கு மரம் கட்டாயமில்லையாம்.

மகளின் எல்.கே.ஜி. கண்முன் வந்து போனது. நன்றியில் எனக்குத் தொண்டை அடைத்தது. பொங்கலாகவும் இருக்கலாம்.

அவருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. வெட்டிய மரம் எங்கே போனது? நான் பாயைப் பார்த்தேன்.

“பில்டிங்குக்கு சார். சாரம் கட்றாங்கோ இல்ல? திருவான்மியூர், வேளச்சேரி, எங்க பாத்தாலும் நம்ம சவுக்குதான் நிக்குது.”

நான் மொழிபெயர்த்தேன். நிபுணர் தலையாட்டிவிட்டு, அது கணக்கில் வராது என்றார். வெட்டிய மரம் வெட்டிய வருஷமே முழுக்கப் புகையாகிப் போனதாக எழுத வேண்டும், விதி அப்படி.

திரும்பும் வழியில் திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. நாலு மாடி உயரத்துக்குச் சவுக்குக் கழிகள், கயிறு கட்டி, கெட்டியாக நின்றன. விதிப்படி முழுக்கப் புகைந்து போனவை. அந்தப் புகைமேல் குந்திக்கொண்டு ஒரு கொத்தனார் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க நான் கண்ணால் பார்த்த புகை அது ஒன்றுதான். அதை நிபுணர் எழுதிக்கொள்ளவில்லை.

மரம் நிற்காத இடம் காடு. நிற்கும் மரம் புகை. இதை ஒப்புக்கொள்வதற்குத்தான் இத்தனை நாடுகள் இத்தனை ஓட்டல்களில் கூடிக் கூடிப் பேசியிருக்கின்றன. நான் என்னவோ நான்தான் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பயந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். என்ன அகம்பாவம்! அவர்கள் தரத்துக்கு நான் எல்.கே.ஜி.

நிபுணர் விமானம் ஏறிய மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். காப்பி வந்தது, எனவே பயந்தேன்.

“உன்னை ஏகமா புகழ்ந்துட்டார்ப்பா. ப்ராஜெக்ட் நீண்டாச்சு. மரம் இல்லாத எடத்தைக்கூடக் காடுன்னு நீ எப்படிக் கண்டுபிடிச்சேன்னு ஆச்சரியப்பட்டுப் போயிட்டார்.”

“சும்மா ஒரு அனுபவம்தான் சார்.”

“அதான். தமிழ்நாடு பூரா இப்படி எத்தனை மொட்டைத் திடல் கிடக்கோ. ஒண்ணு விடாம பார்த்து வரைஞ்சுடு. நாட்டுக்குக் காடு கூடினா யாருக்கு நஷ்டம்?”

யாருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். காகிதக் காட்டை நம்பி மூச்சு விடப்போகும் என் எல்.கே.ஜி. மகளுக்கு. சொல்லலாம் என்றுதான் வாய் திறந்தேன். காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் போனேன்.