லா துக் காட்டில் கண்ணாடி வெளுத்த காலை

மதுரா, கவின்,

குளிர்பெட்டியில் பழுப்புக் கடதாசி சுற்றிக் கிடக்கிற இறைச்சியை யார் சுட்டது என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். "பேந்து சொல்லுறன்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். இப்போது எழுதியே தருகிறேன். நீங்கள் பிரெஞ்சு என்றால் கடகடவென்று வாசிப்பீர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். அது எனக்கும் நல்லதுதான். மெதுவாக வாசித்தால் அப்பா விட்ட பிழையும் மெதுவாகத்தான் வெளியில் வரும்.

2006 ஒக்டோபர், நீண்ட வார இறுதியின் வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைக்குப் போய் வறுத்த அரிசிமா இரண்டு கிலோ ஆறு டொலருக்கும் தேங்காய்ப்பூ ஒரு பொதி இரண்டு டொலருக்கும் வாங்கினேன். எங்கே பயணம் என்று கடைக்கார அண்ணை கேட்டார். வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சமைக்கப் போகிறேன் என்றேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனீ, இப்ப துவக்குக்காரரோட சோறு தின்னப் போறாய்," என்றார்.

"சோறில்லை அண்ணை, புட்டு," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது.

வில்லரேயில் நான் வேலை செய்கிற இரும்பு கடைகிற பட்டறையில் பக்கத்து லேத்தில் நிற்கிறவர் ரெஜான். உங்களுக்கு அவரைத் தெரியும், மதுராவின் சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்து தந்தவர். ஐம்பத்துநாலு வயது. அவரும் தமையன் நொர்மோனும் ஒவ்வோர் ஒக்டோபரிலும் மூஸ் மான் வேட்டைக்குப் போவார்கள். இத்தனை வருடமும் தகரத்தில் அடைத்த பயறைச் சூடாக்கித் தின்றே காலம் தள்ளியவர்கள். என் மதியச் சாப்பாட்டில் பங்கு வாங்கித் தின்று பழகிய ரெஜான், இந்த முறை சமைக்க வா என்று கேட்டார். என்னிடம் வேட்டை அனுமதி கிடையாது. துவக்கைத் தொடவேண்டிய வேலையும் இல்லை. காட்டில் நடந்தால் செம்மஞ்சள் மேலங்கி போடவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு வெளிக்கிட்டோம். நாற்பதாம் நெடுஞ்சாலையில் துருவா ரிவியேர் வரை நூற்றுநாற்பது கிலோமீற்றர். அங்கே பெற்றோல் லீற்றர் தொண்ணூற்றைந்து சதம். பிறகு வடக்கே திரும்பி, சென் மொரிஸ் ஆற்றை ஒட்டிக்கொண்டு லா துக் வரை இன்னும் நூற்றுஅறுபது. மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும். நீங்கள் பள்ளிக்கூடத்தில் வர்ணம் தீட்டினால் "இப்படி ஒரு நிறமும் இல்லை" என்று நான் சொல்லியிருப்பேன். இருக்கிறது.

வழி நெடுக அண்ணன் தம்பிக்குள் ஒரே வழக்கு. அவர்கள் பேசியது பிரெஞ்சில். நான் விளங்கிக்கொண்டதை எங்கள் தமிழில் தருகிறேன்.

துவக்கில் குறிபார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று இரும்பு. குழாயின் நுனியில் ஒரு சின்ன முள்ளும் பின்னுக்கு ஒரு பள்ளமும் இருக்கும். பள்ளத்துக்குள் முள்ளை வைத்து, முள்ளின் மேல் மிருகத்தை வைக்கவேண்டும். மற்றது மேலே பூட்டுகிற தொலைநோக்கிக் கண்ணாடி. நொர்மோனின் துவக்கில் இரும்பு மட்டும். ரெஜானுடையதில் கண்ணாடி மட்டும். கண்ணாடி பூட்டிய வருடமே இரும்பைக் கழற்றி ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டார்.

"திரும்பப் பூட்டு எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறன். கண்ணாடி விருந்தாளி, இரும்புதான் வீட்டு ஆள்," என்றார் நொர்மோன்.

ரெஜான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வயது போன கண்ணுக்குப் பள்ளம், முள்ளு, மிருகம் மூன்றும் ஒரே நேரத்தில் தெளியாது. கண்ணாடியில் பார்த்தால் அது தாயா குட்டியா, பின்னுக்கு மனிதர் யாரும் நிற்கிறார்களா என்பதெல்லாம் தெரியும். கண்ணாடியின் கீழே இரும்பும் இருந்தால் சுள்ளியில் மாட்டும், பார்வைக்கும் குறுக்கே நிற்கும். கடைசியில் அவர் சொன்னார்: "அதோட ஒரு ஸ்குரூவும் துலைஞ்சு போச்சு. விடு."

லா துக்குக்கு அப்பால் கல் ரோட்டில் நாற்பது கிலோமீற்றர். ஆறு மணிக்கு மரக் குடிலுக்கு வந்து சேர்ந்தோம். ஒரே அறை, விறகு அடுப்பு, கீழே ஒரு சிறு ஏரி. மின்சாரம் இல்லை.

சனிக்கிழமை பகல் முழுவதும் ஒன்றும் வரவில்லை. சிறு தூறல். பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ரெஜானின் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். தான் சுடுகிற நேரத்தில் மூஸ் திரும்பிவிட்டது. பட்டது, ஆனால் விழவில்லை. இருட்டப்போகிறது. காயப்பட்ட மிருகத்தை உடனே துரத்தக்கூடாதாம். துரத்தினால் பயத்தில் மைல் கணக்காக ஓடி எங்கேயோ கிடந்து துடிக்கும். விட்டால் பக்கத்திலேயே படுக்கும். விடியத் தேடவேண்டும்.

"காலமை கண்டு, ஒரே வெடியில முடிக்கவேணும். அது நான் அதுக்குச் செய்யவேண்டியது," என்றார்.

இரண்டு துவக்கிலும் தோட்டாவை எடுத்துவிட்டு, முகப்புச் சுவரில் இருந்த ஆணிகளில் தொங்கவிட்டு, ஓடத்தைக் கரையில் ஏற்றிக் கட்டுவதற்காக ஏரிக்கு இறங்கிப் போனார்கள்.

பிள்ளைகளே, இதுதான் நான் பிழை விட்ட இடம்.

நான் அடுப்பில் புட்டுக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கதவு திறந்திருந்தது. சுவரில் இரண்டு துவக்குகள் கேட்பாரில்லாமல் தொங்கின. இந்த நாட்டில், அந்தக் காட்டில், அது சாதாரண விஷயம். எனக்கு அப்படியில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் துவக்கு இருந்தது என்று ஒருவன் சொன்னாலே போதும், அந்த வீட்டில் ஆள் மிஞ்சாது. என் கையும் காலும் என்னைக் கேட்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்து மூலையில் சாத்தினேன். தூறலில் நனைந்திருந்ததால் கண்ணாடியின் றப்பர் மூடிகளைக் கழற்றிக் காயவும் வைத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன்.

அரை மணித்தியாலம் புட்டு அவிந்தது. அறை முழுக்க ஆவி. குளிர்ந்த கண்ணாடியில் ஆவி பட்டால் என்ன ஆகும் என்று மூக்குக்கண்ணாடி போட்ட எவருக்கும் தெரியும். நான் போடுவதில்லை. அவர்கள் ஏரியிலிருந்து ஏறி வருகிற சத்தம் கேட்டதும், தங்கள் சாமானைத் தொட்டுவிட்டேன் என்று கோபிப்பார்களோ என்று பயம் வந்தது. கண்ணாடி ஈரமாய் இருந்தது. கையிலிருந்த சமையல் துணியால் துடைத்தேன். முட்டை பொரித்த எண்ணெய் அந்தத் துணியில்தான் இருந்தது. மூடிகளைப் போட்டு, துவக்குகளைத் திரும்ப ஆணியில் கொழுவினேன்.

புட்டை இருவரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். உருளையாக விழுகிறதே, இதையும் லேத்தில்தான் கடைகிறாயா என்று நொர்மோன் கேட்டார். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். சைபருக்குக் கீழே ஆறு பாகை. புல்லெல்லாம் வெள்ளை. நொர்மோன் பக்கத்திலிருந்த சதுப்பு நிலத்தைச் சுற்றி மறுபக்கத்தால் போனார். ரெஜானும் நானும் இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். முந்நூறு மீற்றர்கூடப் போகவில்லை. ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் அது படுத்திருந்தது. எங்கள் ஊர் எருமையைவிட உயரமான மான். முப்பதடி தூரம். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

ரெஜான் மூடிகளைக் கழற்றி, துவக்கைத் தோளில் வைத்தார். உடனே இறக்கினார். கண்ணாடி பால் ஊற்றியது போல வெள்ளை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி விரலால் தேய்த்தார். உறைபனிக்குக் கீழே எண்ணெய். தேய்க்கத் தேய்க்கப் பூசியது. ஊதினார். இன்னும் மோசமானது. மிருகம் எழும்பப் பார்த்தது. முன்கால் இரண்டும் ஊன்றியது, பின்கால் வரவில்லை. திரும்ப விழுந்தது.

முப்பதடி தூரத்துக்கு ஒரு முள்ளும் பள்ளமும் இருந்திருந்தால் போதும். கண்ணாடியும் அதைத் தாங்குகிற பிடிகளும் குழாயை மறைத்துக்கொண்டிருந்தன. உத்தேசமாகச் சுட்டால் இன்னொரு காயம் ஆகலாம். அவர் சுடவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து, தமையனுக்கு விசில் அடித்தார்.

நொர்மோன் சதுப்பைச் சுற்றி வர ஒன்பது நிமிடம் எடுத்தது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வேறெங்கும் பார்க்க முடியாததால். அதற்குள் அது இன்னும் இரண்டு தரம் எழும்பப் பார்த்தது. ஒவ்வொரு தரமும் ரெஜான் அதற்கு ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை.

நொர்மோன் வந்தார். மூலையில் அதே ஆவியில் அரை மணித்தியாலம் நின்ற துவக்குத்தான் அவருடையதும். தோளில் வைத்தார். ஒரே வெடி.

அன்று முழுக்க அவர்கள் உரித்துப் பங்குபோட்டார்கள். நான் தண்ணீர் சுமந்தேன். கண்ணாடி ஏன் வெளுத்தது என்று ரெஜானுக்கு விளங்கவில்லை. தூறலில் மூடியைச் சரியாகப் போடாமல் விட்டேன், என்னுடைய கவலையீனம் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் நாளையன்றைக்கும் பக்கத்து லேத்தில் நிற்கவேண்டிய மனிதர். பட்டறையில் என்னைத் தேடி வந்து கதைக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் குடிலைப் பூட்டினோம். லா துக்கில் வேட்டையைப் பதிந்துவிட்டு வடக்கிலிருந்து கீழே இறங்கினோம். நொர்மோன் இரும்பின் வெற்றியை ஒரு மணித்தியாலம் பாடினார். ரெஜான் மறுத்துப் பேசவே இல்லை. ஆற்றோரம் ஒரு கடையில் கோப்பி குடிக்க இறங்கினோம், கோப்பி ஒன்று ஒரு டொலர் இருபத்தைந்து. ரெஜான் சொன்னார்: "அடுத்த வருசம் நீ தனியப் போ, நொர்மோன். சாமானைப் பராமரிக்கத் தெரியாதவன் சுடக்கூடாது. ஒன்பது நிமிசம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ரெஜான், கண்ணாடியைப் பழுதாக்கினது நான்," என்றேன். துவக்கை உள்ளே கொண்டுவந்தது, மூடியைக் கழற்றியது, சமையல் துணி, எல்லாம் சொன்னேன். பிரெஞ்சில் சொல் வராத இடத்தில் கையால் காட்டினேன்.

அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு ஏன் உள்ளே கொண்டுவந்தாய் என்று கேட்டார்.

"எங்கட ஊரில துவக்குச் சுவரில தொங்கினால் அந்த வீட்டில ஒருத்தரும் நித்திரை கொள்ள மாட்டினம்."

"நேற்றே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் முழுக்க நான் என்னைத் தின்னுகொண்டு இருந்தனான்," என்றார். கோபம்தான். நியாயமான கோபம். கப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

துருவா ரிவியேரில் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் ரெஜான் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"துவக்குச் செய்தவன் மழையை நினைச்சான், பனியை நினைச்சான். புட்டை நினைக்கேல்லை."

நொர்மோன் வண்டி குலுங்கச் சிரித்தார். ரெஜான் சிரிக்கவில்லை, ஆனால் குரல் இளகியிருந்தது. "அந்த இரும்பைத் திரும்பப் பூட்டத்தான் வேணும். கண்ணாடியும் இருக்கட்டும், எனக்குக் கண் தெரியாது. ஆனா இரும்பும் இருக்கவேணும். பிழை விடுறது நானோ நீயோ, துடிக்கிறது அது."

அண்ணன் தம்பி வழக்கில் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் என்னைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். தூரத்தில் சரியாகப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி கைவிடுகிற நேரத்துக்கு, யாரும் நினைத்துப் பார்க்காத அந்த ஒன்பது நிமிடத்துக்கு, இரும்பு வேண்டும். அது வேட்டைக்காரனின் வசதிக்காக இல்லை. காயப்பட்டுக் கிடக்கிற அந்த மிருகத்துக்காக.

மூன்றரைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் இறக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் மாடிப்படிகள், துணி காயும் கயிறுகள், யாரோ வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை. இங்கே ஒருவர் வீட்டுச் சுவரிலும் துவக்குத் தொங்குவதை நான் கண்டதில்லை, அது எனக்கு நிம்மதி. ஆனால் துவக்கு வைத்திருந்தும் சுடாமல் நின்ற ஒரு மனிதரைக் கண்டுவிட்டு வந்தேன். அப்படி ஒருவரை நான் ஊரில் கண்டதில்லை. ரெஜான் இறைச்சிப் பொதியைத் தந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

புதன்கிழமை அவர் அந்தத் தகரப் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தன் மேசையில் வைத்தார். பள்ளம் வெட்டிய சின்ன இரும்பு, முள்ளு, ஒரே ஒரு ஸ்குரூ. பூட்ட இரண்டு வேண்டும்.

வியாழக்கிழமை எல்லோரும் போன பிறகு, மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். அந்த ஸ்குரூவை எடுத்து அளந்தேன். அங்குலத்துக்கு நாற்பத்தெட்டுப் புரி, என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதேபோல் ஒன்றை என் லேத்தில் கடைந்தேன். முதலாவது முறிந்தது. இரண்டாவதில் புரி சாய்ந்தது. மூன்றாவதைப் பழையதோடு புரியோடு புரி பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. எண்ணெய் இல்லாத சுத்தமான துணியால் துடைத்து, பெட்டியில் பழையதற்குப் பக்கத்தில் வைத்து மூடினேன்.