சிப்பிக்காரரின் மூச்சும் ஈரலுக்குப் போன மருந்து மணிகளும்

இந்தத் தளத்தில் திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப் பாலம், வட்டக்கோட்டை என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை போனது நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் ஆஞ்சியோ அறைக்கு. மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இனயத்தில் இருக்கும் என் அண்ணன் அந்தோணிக்குக் கல்லீரலில் கட்டி. அது இருக்கும் இடத்தில் கத்தி வைக்க முடியாது. ரத்தக்குழாய் வழியாக மருந்து மணிகளை அனுப்பிக் கட்டியை அடக்கப் பார்க்கலாம் என்றார்கள். இதே சிகிச்சைக்கு யாரையாவது அழைத்துப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கருங்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, ஆனால் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாகக் கடலில் முங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியை உளியால் பெயர்த்து எடுக்கிறார். சிலிண்டர் எல்லாம் கிடையாது. ஒரு மூச்சுதான்.

காலை 5:40க்கு இனயத்தில் ஆட்டோ. கருங்கல் வரை 8 கிலோமீட்டர், 200 ரூபாய். 6:15க்கு நாகர்கோவில் பேருந்து, 28 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சாதாரணக் கட்டணப் பேருந்து என்பதால் எனக்கு இலவசம், அண்ணனுக்கு 24 ரூபாய். "ஒனக்க வாய்க்கு ரெண்டு டிக்கெட்டு கேட்டிருக்கணும்" என்றார். நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். திங்கள்நகரில் பஜ்ஜி வாசனை வந்தபோது மட்டும் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

எட்டு மணிக்கு மருத்துவமனையில் படிவம் நிரப்பினேன். 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டிலிருந்து பள்ளி விண்ணப்பம் வரை அப்படித்தான் எழுதுவோம். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

பத்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன் பேசுவது சேலத்துக்காரரான டெக்னீஷியனுக்குப் பிடிபடவில்லை. அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் மைக் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி விடமாட்டார்கள்.

சிகிச்சை இதுதான். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாயில் ஒரு குழலை நுழைக்கிறார்கள். அதற்குள் மைக்ரோ கதீட்டர் என்ற இன்னொரு குழல். மாதிரிக்கு ஒன்றைக் கையில் தந்தார்கள். சேமியா கனம்தான் இருக்கும். அது கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் கிளைவரை போய் நிற்கும். பிறகு ரவையைவிடப் பொடியான, மருந்தில் ஊறிய மணிகளை அதன் வழியே மெல்ல மெல்லத் தள்ளுவார்கள். மணிகள் அடியில் படிந்துவிடாமல் இருக்க, இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே மருந்தை மாற்றி மாற்றித் தள்ளிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கிளை மாறினால் மணி இரைப்பைக்குப் போய்ப் புண்ணாக்கிவிடலாம். அதனால்தான் அடிக்கடி எக்ஸ்ரே படம். ஒவ்வொரு படத்துக்கும் சில வினாடி மூச்சைப் பிடிக்க வேண்டும்.

டெக்னீஷியன் மைக்கில், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார்.

அண்ணன் மூன்று முறை ஊதினார். அப்புறம் நெஞ்சு புடைக்க இழுத்தார், கண்ணை மூடினார், கடலுக்குள் இறங்கினவர்போல ஆகிவிட்டார். படம் எடுத்து முடிந்தது. "விடுங்க" என்றார் டெக்னீஷியன். விடவில்லை. "ஐயா, விடுங்க!" அசையவே இல்லை. நர்ஸ் ஓடிப்போய்த் தோளைத் தட்டியதும்தான் புஸ்ஸென்று விட்டார். அடுத்த முறையும் அதே கதை. அவ்வளவு காற்றை இழுத்தால் ஈரல் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு படம் மற்றதோடு ஒத்துப்போகவில்லை.

உள்ளே குழலைச் செலுத்திக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்; ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "இப்படி இடம் மாறினா மணியை விட முடியாதும்மா. இன்னொரு தடவை பார்ப்போம். சரிவரலைன்னா நிறுத்திட வேண்டியதுதான்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டாக்டர், அவங்க சிப்பி முங்குறவங்க" என்றேன். "மேல படகுல இருக்கிற ஆளு கயிற்றை இழுக்காம மூச்சு விடமாட்டாங்க."

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார் டாக்டர். மைக்கை என் பக்கம் தள்ளச் சொன்னார்.

"அண்ணா, இப்பம் முங்கண்டாம். வள்ளத்துல சும்மா கிடக்கும்போ விடுவியளே, அந்த மூச்சு. பாதி விட்டு அப்பிடியே நிறுத்துங்க. நான் 'ஏறு'ன்னு சொன்னா, கயிறு இழுத்தமாதிரி."

"இதை அப்பமே சொல்லப்பிடாதாட்டி?" என்றார் படுத்தபடியே.

அதன் பிறகு பதினோரு முறை படம் எடுத்தார்கள். பதினோரு முறையும் ஒரே அளவு மூச்சு, அதே இடத்தில் ஈரல். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார் டெக்னீஷியன். ஒரு நூல்கூட விலகவில்லை. மணிகள் போகவேண்டிய கிளையில் போய் நின்றன. "இந்த மாதிரி ஆளு எனக்கு வாய்ச்சதே இல்லை" என்றார் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்து கேன்டீனில் இரண்டு ரசவடை தின்றேன், அழுதுகொண்டே.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சிகிச்சை முடிந்ததும் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும், கைலி கொண்டுபோங்கள். அண்ணனுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் வயிற்றுவலியும் இருந்தன. வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திரும்பும்போது பேருந்து வேண்டாம், எங்களுக்குக் கார் 1,100 ரூபாய் ஆனது. சிகிச்சைச் செலவு ஆளுக்கு ஆள் மாறும், அங்கேயே கேளுங்கள். முக்கியமாக, உங்கள் ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டுக் கடலில் இறங்குவதைப் பேசலாமாம். வெளியே வந்ததும் நேராகக் கவுன்டருக்குப் போய் அண்ணனின் பழைய படிவத்தைக் கேட்டேன்.

"பேர்ல தப்பா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"தொழில்ல."

'கூலி'யை அடித்துவிட்டு 'சிப்பி முங்குபவர்' என்று எழுதினேன். அண்ணன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, பக்கத்தில் தன் கையெழுத்தில் 'இனயம்' என்று சேர்த்தார்.